ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் வருகிறது, பேட்டரிக்கு எந்தச் செலவுத் தலைப்பு? சென்னை அரசுப் பள்ளி கணினி ஆய்வகங்கள்

கொருக்குப்பேட்டை_எஸ்எம்சி
வணக்கம். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துக்காகக் கேட்கிறேன். மாணவர்கள் 640 பேர். ஆய்வகத்தில் 20 கணினிகள், 2019-ல் வந்தவை, 13 ஓடுகின்றன. கரண்ட் போனால் மூன்றே நிமிடத்தில் யூபிஎஸ் அணைந்துவிடுகிறது. ஸ்மார்ட் போர்டு இரண்டு. இணையம் உண்டு, ஆனால் மதியத்துக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. "புதிதாக 20 கணினிகள் தேவை" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பலாமா? எந்தப் பணத்திலிருந்து எதைக் கேட்பது?

பேரேடு
அந்த ஒரு வரி மட்டும் போனால் கோப்பு காத்திருப்புப் பட்டியலில்தான் உட்காரும். முதலில் ஒருமுறைச் செலவு, தொடர் செலவு என்ற இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தச் சிக்கல் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

2025-26 மாநில பட்ஜெட்டில் 2,676 பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளுக்கு 65 கோடி ரூபாய், 880 உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை மேம்படுத்த 56 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள். பள்ளிக்குச் சுமார் 2.43 லட்சம், 6.36 லட்சம் வரும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் விதியில் ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஒருமுறைச் செலவு 2.40 லட்சம், கணினி ஆய்வகத்துக்கு 6.40 லட்சம். கிட்டத்தட்ட அதே எண்கள். அறிவிக்கப்பட்டது பொருள் வாங்கும் பணம் என்பதுதான் என் கணிப்பு.

அதே விதியில் இன்னொரு பத்தியும் உண்டு. ஆய்வகத்துக்குத் தொடர் செலவாக ஆண்டுக்கு 2.40 லட்சம், 5 ஆண்டுகளுக்கு. ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஆண்டுக்கு 38,000. பயிற்றுநர் ஊதியம், மின்சாரம், இணையம், பாடப்பொருள் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆக 5 ஆண்டில் ஓட்டும் செலவு 12 லட்சம், வாங்கும் செலவு 6.40 லட்சம். வாங்குவதைவிட ஓட்டுவதற்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆகும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. திறப்பு விழாவில் இந்த 12 லட்சத்தை யாரும் கேட்பதில்லை. 6-ஆம் ஆண்டு முதல் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்பதில்லை. உங்கள் கணினிகள் 2019-ல் வந்தவை என்றால் நீங்கள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

கொருக்குப்பேட்டை_எஸ்எம்சி
பள்ளி மானியத்தில் பேட்டரி வாங்கலாம் என்கிறார்களே?

பேரேடு
வாங்கலாம். தொகையைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வரும். 30 பேர் வரை 10,000. 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். உங்களுக்கு 75,000. அதில் 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதி 67,500-ல்தான் குழாய், கதவுத் தாழ்ப்பாள், மின்விசிறி, ஆய்வகக் கண்ணாடிப் பொருள், பதிவேடு எல்லாம். 250-க்கும் 1,000-க்கும் இடையில் எத்தனை பேர் படித்தாலும் ஒரே தொகை என்பதையும் கவனியுங்கள். 260 பேர் உள்ள பள்ளிக்கும் 980 பேர் உள்ள பள்ளிக்கும் அதே 75,000.

இன்னொன்று. இப்போது பணம் பள்ளிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. மாநிலத்தின் ஒரே முகமைக் கணக்கில் இருக்கும். பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் பிஎஃப்எம்எஸ் என்ற அரசின் இணையவழிப் பணப் பட்டுவாடாத் தளம் வழியாக வரும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு போய்விடும். வரம்பு ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் கொட்டேஷன் வாங்கி, தீர்மானம் போட்டு, பொருளை இறக்கிப் பில் ஏற்ற நேரம் இருக்காது. அதனால் விலைப்புள்ளிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மூன்று கொட்டேஷனிலும் ஒரே விவரக்குறிப்பு இருக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு ஒன்றில் 26 ஆம்பியர்-மணி, இன்னொன்றில் 42 என்று இருந்தால் தணிக்கையில் நிற்காது.

மின்னோட்டம்
பேட்டரி பத்தி நான் எழுதுறேன். பலரும் "யூபிஎஸ் போச்சு"ன்னு புது யூபிஎஸ் கேக்குறாங்க. பத்துல எட்டு இடத்துல போனது பேட்டரிதான்.

கணக்கு முதல்ல. ஒரு கணினி, மானிட்டர் சேர்த்து 80 வாட்னு வைங்க. 20-க்கு 1,600 வாட். 2 கேவிஏ யூபிஎஸ் 0.8 பவர் ஃபேக்டர்ல சரியா 1,600 வாட்தான் குடுக்கும், மூச்சு விட இடமே இல்ல. 3 கேவிஏ வேணும். 12 வோல்ட் 42 ஆம்பியர்-மணி பேட்டரி 8 இருந்தா 4,032 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 70 சதவீதம் கிடைக்கும்னு எடுத்தா 2,800. 1,600-ஆல வகுத்தா ஒண்ணே முக்கால் மணி நேரம். அதே 8 பேட்டரி 26 ஆம்பியர்-மணின்னா ஒரு மணி நேரம் சொச்சம். ஒரு பாடவேளைக்கு மேலயே தாங்கும், போதும். உங்களுக்கு மூணு நிமிஷம் வருதுன்னா வரிசையில ஒண்ணு ரெண்டு பேட்டரி செத்திருக்கு.

சோதனை எப்படி? முழுசா சார்ஜ் ஏத்தி, கழட்டி சில மணி நேரம் விட்டு ஒவ்வொண்ணையும் மல்டிமீட்டர்ல பாருங்க. நல்லதுன்னா 12.7-க்கு மேல காட்டும். அப்புறம் லோடு குடுத்துப் பாருங்க. மத்ததெல்லாம் 12 பக்கம் நிக்கும்போது ஒண்ணு மட்டும் 10.5-க்குக் கீழ சரிஞ்சா அதுதான் குற்றவாளி. ஆனா அந்த ஒண்ண மட்டும் மாத்தாதீங்க. பழசோட புதுச சேத்தா சார்ஜ் சமமா ஏறாது, புதுசும் ஒரு வருஷத்துல போயிடும். மொத்த வரிசையையும் ஒரே நாள்ல மாத்தணும், தேதிய பெயிண்ட்ல எழுதி வைக்கணும்.

ஏன் சீக்கிரம் சாகுது? ரெண்டு காரணம். ஒண்ணு வெக்கை. தண்ணி ஊத்த வேண்டாத இந்த எஸ்எம்எஃப் பேட்டரியோட ஆயுள் 25 டிகிரிக்குக் கணக்குப் போட்டது. அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியா குறையும். ஜன்னல் சாத்துன சென்னை அறையில மே மாசம் எவ்வளவு இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது கோடை விடுமுறை. மெயின் ஆஃப் பண்ணிட்டு பூட்டிட்டுப் போறாங்க. பேட்டரி தானா இறங்கி, தகட்டுல சல்பேட் படிஞ்சு, ஜூன்ல திறக்கும்போது சார்ஜ் பிடிக்காது. விடுமுறையில 15 நாளைக்கு ஒரு தடவ 8 மணி நேரம் சார்ஜ் போட ஒரு ஆள் பேரத் தீர்மானத்துலயே எழுதுங்க. இதுக்குச் செலவே இல்ல.

ஏழுகிணறு_வாசகி
ஸ்மார்ட் போர்டையும் யூபிஎஸ்ஸில் போடலாமா?

மின்னோட்டம்
வேண்டாம் மேடம், அதுக்குத் தனி சின்ன யூபிஎஸ் போதும். லேசர் பிரின்டர், ஏசி ரெண்டையும் எந்தக் காரணத்துக்கும் யூபிஎஸ் லைன்ல மாட்டக்கூடாது. லேசர் பிரின்டர் சூடேறும்போது இழுக்குற கரண்டுல மொத்த ஆய்வகமும் அணையும்.

சேத்து இதையும் பாருங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் 3-க்கு மேல இருந்தா எர்த்திங் சரியில்ல. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காத்துல எர்த் குழியோட கிளாம்ப் அரிச்சு, கம்பி தனியா நிக்கும். மேல பாத்தா தெரியாது, தோண்டிப் பாக்கணும். மதர்போர்டு அடிக்கடி போற பள்ளியில முதல்ல இதத்தான் பாக்கணும். 20 கணினியையும் ஒரே எம்சிபியில (கரண்ட் கூடுனா தானா விழுற சுவிட்ச்) கட்டாதீங்க. 5 கணினிக்கு ஒண்ணுன்னு நாலு சர்க்யூட், 10 ஆம்பியர் சி-டைப், 2.5 ச.மி.மீ. கம்பி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணும்போது முதல் நொடியில பாயுற கரண்டுக்கு பி-டைப் விழுந்துடும்.

தரைத்தளத்துல ஆய்வகம் இருந்தா யூபிஎஸ், சுவிட்ச் ரேக் ரெண்டையும் தரையிலிருந்து 3 அடி உயரத்துல வைங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டுலயும் தண்ணி புகுந்த இடங்கள்ல முதல்ல போனது தரையில கெடந்த பேட்டரியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான். பள்ளி நிவாரண முகாமாவும் வாக்குச்சாவடியாவும் மாறும். அந்த நாள்ல ஆய்வக அறைய ஒதுக்கக்கூடாது, பூட்டிச் சாவி தலைமையாசிரியர்கிட்ட இருக்கணும்னு ஒரு வரி சேருங்க.

தறி_நெட்வொர்க்
இணையத்துக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் வீடியோ நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் வேகத்தைக் கூட்டிக் கேட்டால் பணம் வீண்.

காலை 9 மணி, மதியம் 2 மணி இரண்டு நேரத்திலும் மோடத்தில் நேரடியாகக் கேபிள் மாட்டி வேகம் பாருங்கள். இரண்டும் குறைவு என்றால் இணைப்பிலேயே கோளாறு. மாதத்தின் முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்து பிறகு விழுந்தால் தரவு வரம்பு தீர்ந்துவிட்டது. மோடத்தில் நன்றாக வந்து கணினியில் வராவிட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அல்லது கேபிள். பழைய 100 எம்பி சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். எலி கடித்த கேட்-6 கம்பியில் நாலு ஜோடியில் இரண்டு மட்டும் வேலை செய்தாலும் விளக்கு எரியும், ஆனால் வேகம் விழும்.

20 பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் ஆளுக்கு 2 முதல் 3 எம்பிபிஎஸ், மொத்தம் 40 முதல் 60. 100 எம்பிபிஎஸ் இணைப்பு தாராளமாகப் போதும். ஆனால் அதே இணைப்பில் எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்) பதிவேற்றம், ஆசிரியர் டேப்லெட், இரண்டு ஸ்மார்ட் போர்டு, எல்லாருடைய கைப்பேசியும் தொங்கினால் போதாது. ரவுட்டரில் ஆய்வகத்தைத் தனியாகப் பிரித்து அதற்கென்று வேகம் ஒதுக்குங்கள். வைஃபை கடவுச்சொல்லை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றுங்கள்.

ஒரே வீடியோவை 20 தடவை வெளியிலிருந்து இழுப்பதுதான் பெரிய விரயம். பழைய முறையில், ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மற்றவர்களுக்கும் தரும் கேஷ் பிராக்ஸி ஒன்றை வைக்கலாம் என்பார்கள். இன்று எல்லாத் தளமும் மறைகுறியாக்கத்தில் வருவதால் அது பிடிபடாது. ஆய்வகத்துக்குள் ஒரு உள்ளூர் சர்வர்தான் வழி. ஓடும் 13-ல் நல்ல ஒன்றை எடுத்து 8 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி போட்டு, கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை நிறுவி, அனுமதி உள்ள பாட வீடியோக்களை இரவில் இறக்கி வையுங்கள். இணையம் போனாலும் வகுப்பு நடக்கும்.

நிரல்_நெய்பவன்
எல்லாரும் தாண்டிப் போகும் ஒன்று: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2019-ல் வந்த பெட்டிகள் பலவற்றில் 6, 7-ஆம் தலைமுறை இருக்கும். அவை அப்படியே பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் இணையத்தில் நிற்கின்றன. இதற்காக 20 பெட்டியையும் குப்பையில் போட வேண்டியதில்லை. வன்தட்டை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி, ராமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் இன்னும் நாலைந்து வருடம் ஓடும். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அரசு இலவச மடிக்கணினிகளிலேயே வந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளையே தருகிறது. 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியபோதும் அந்த வழியில்தான் போனார்கள். உரிமக் கட்டணம் இல்லாத பணம் பராமரிப்புக்குப் போகும்.

கரும்பலகை
தம்பி, லினக்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். 12-ஆம் வகுப்பு கணினி அறிவியலுக்குப் பைதான், மைஎஸ்கியூஎல். லினக்ஸில் பிரச்சினையே இல்லை. கணினித் தொழில்நுட்பப் பாடத்தில் பேஜ்மேக்கர், கோரல்டிரா இருக்கின்றன. அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் ஆசிரியர் எங்கே போவார்? அந்தப் பிரிவு உள்ள பள்ளியில் சில பெட்டிகளையாவது விண்டோஸில் வைத்து, இணையத்தில் சேர்க்காமல் தனியாக ஓட்ட வேண்டும்.

கேரளத்தை ஒப்பிடும்போது ஆளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் ஐ.டி. பொறுப்பாசிரியர் இருக்கிறார், கீழ்வகுப்பிலிருந்தே ஐசிடி பாடநூல் இருக்கிறது. இங்கே கணினி என்பது 11-ஆம் வகுப்பில் தொடங்கும் பாடமாகவே இருந்துவந்தது. இப்போது டிஎன் ஸ்பார்க் என்று 6 முதல் 9 வரை செயற்கை நுண்ணறிவும் நிரலாக்கமும் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை வரவேற்கிறேன். நடத்துவது கணக்கு, அறிவியல் ஆசிரியர். ஆய்வகப் பயிற்றுநரோ எமிஸ் பதிவேற்றத்தில் மூழ்கியிருக்கிறார். தீர்மானத்தில் கணினிக்கு முன்னால் ஆளைக் கேளுங்கள்.

நிரல்_நெய்பவன்
ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. உங்கள் பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்த்து ஓடும் 13-ல் பெரும்பாலானவை லினக்ஸ், சில மட்டும் விண்டோஸ் என்று பிரிக்கலாம்.

பேரேடு
ஒரு எச்சரிக்கை. பெட்டியைத் திறக்கும் முன் அது யாருடைய சொத்து என்று பாருங்கள். ஹைடெக் ஆய்வகங்கள் பல, நிறுவி இயக்கிப் பிறகு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் வந்தவை. ஒப்படைப்பு முடிந்து இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் பள்ளி கைவைக்கலாம். முடியாமல் இருந்தால் பழுது பார்ப்பது ஒப்பந்ததாரர் கடமை. நீங்கள் திறந்தால் அந்தப் பொறுப்பு அவரை விட்டு இறங்கிவிடும்.

தெரிந்துகொள்ள வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அன்பழகன் கல்வி வளாகம், ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி மாநிலத் திட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நான்கே கேள்வி: ஒப்பந்தத்தின் பராமரிப்புக் காலம் எந்தத் தேதி வரை? பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும்? தாமதத்துக்கு என்ன அபராதம்? சொத்து எந்தத் தேதியில் பள்ளிக்கு மாறும்? ஆய்வகம் உங்கள் பள்ளிக்கு மாநகராட்சி வழியாக வந்திருந்தால் அதே கேள்வி மாநகராட்சிக் கல்வித் துறைக்கு. சென்னையில் இந்தக் குழப்பம் அதிகம். 28 பள்ளிகளுக்கு பிரெஞ்சு வளர்ச்சி முகமை நிதியில் சிட்டீஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டம் வழியாக ஸ்மார்ட் வகுப்பறை வந்தது. புறநகரில் இருந்த 139 அரசுப் பள்ளிகள் பிறகு மாநகராட்சிக்கு மாறின. பதிவேட்டில் பொருள் ஒருவர் பெயரிலும் பள்ளி இன்னொருவர் பெயரிலும் இருக்கக்கூடும்.

ஏழுகிணறு_வாசகி
மத்திய அரசு பணத்தை நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் இல்லையா? மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்கும் என்கிறார்கள்.

உரிமைப்பங்கு
இதைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வியில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-க்கு ஒப்புதலான தொகை சுமார் 3,586 கோடி. அதில் மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி. பி.எம்.ஸ்ரீ தனித் திட்டம். அதன் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுதும் நடைமுறைப்படுத்தும் உறுதி இருக்கிறது. மும்மொழியை ஏற்காத தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதைக் காரணமாக வைத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்தியதுதான் வழக்கு. 2025 மே மாதம் மாநில அரசு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஒரு திட்டத்தின் நிபந்தனையை இன்னொன்றின் மேல் ஏற்றலாம் என்று ஒப்புக்கொண்டால் நாளை எதையும் ஏற்றலாம் என்பது என் கருத்து.

பேரேடு
பணம் நிறுத்தப்பட்டதும் உண்மை, அது மட்டுமே மூலம் இல்லை என்பதும் உண்மை. நிறுத்தப்பட்டதால் மாநிலம் தன் நிதியிலிருந்து ஊதியம் முதலியவற்றைத் தாங்க வேண்டியதாயிற்று. ஊதியத்தை நிறுத்த முடியாது. அப்போது முதலில் கை வைக்கப்படுவது பராமரிப்புதான். ஆனால் திட்டம் தொடங்கிய 2018-லிருந்தே 6-ஆம் ஆண்டுப் பராமரிப்புக்குச் செலவுத் தலைப்பு கிடையாது. பணம் முழுதும் வந்திருந்தாலும் உங்கள் பேட்டரிக்கு வந்திருக்காது.

ஏழுகிணறு_வாசகி
அப்போ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர்? எம்எல்ஏ நிதி?

பேரேடு
எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. இரண்டும் நிலையான சொத்துக்குத்தான். பராமரிப்புக்கு ஒதுக்க முடியாது. அதனால் அங்கே வயரிங், எர்த்திங், மேசை, முதல் மாடிக்கு ஆய்வகத்தை மாற்றும் கட்டுமானம் கேளுங்கள்.

சிஎஸ்ஆர் நிறுவனம் வந்தால் 20 கணினி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். சிஎஸ்ஆர் விதிகளில் "தொடரும் திட்டம்" என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் 3 ஆண்டு வரை அதே திட்டத்துக்குச் செலவு செய்யலாம். 15 கணினியும் 4 ஆண்டுப் பராமரிப்பும் ஒரு பயிற்றுநர் ஊதியமும் என்று கேளுங்கள். மாநில அளவில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" அமைப்பு வழியாகக் கேட்டால் பதிவும் ஒழுங்காக இருக்கும்.

தரவுக்காவல்
இலவசமாகச் செயலி தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம். மாணவர் பெயர், பெற்றோர் கைப்பேசி எண், எமிஸ் எண் மூன்றையும் எக்செல் கோப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் 9-ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர அவகாசம் இருக்கிறது. கல்வி நிறுவனத்துக்குக் கற்பித்தல் சார்ந்து சில விலக்கு உண்டு. வெளி நிறுவனம் விளம்பரத்துக்கு எடுப்பதற்கு இல்லை. வரிசை எண் மட்டும் கொடுத்தாலே பெரும்பாலான செயலிகள் ஓடும்.

ஓடாத 7 பெட்டிகளையும் மறக்காதீர்கள். வன்தட்டைக் கழற்றி அழித்துவிட்டு, கழிவு நீக்கப் பட்டியல் போட்டு, மின்னணுக் கழிவு விதிகள் 2022-ன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். எடைக்குப் போடக்கூடாது.

கொருக்குப்பேட்டை_எஸ்எம்சி
எல்லாருக்கும் நன்றி. வரைவு இப்படி: (1) ஆய்வகப் பயிற்றுநரை எமிஸ் வேலையிலிருந்து விடுவித்து வாரம் 20 பாடவேளை ஆய்வகத்துக்கு. (2) 8 பேட்டரிகள், 12 வோல்ட் 42 ஆம்பியர்-மணி, மொத்த வரிசையும், பள்ளி மானியத்தில். (3) எர்த் குழி, நான்கு சர்க்யூட் வயரிங். எம்எல்ஏ நிதிக்கு விண்ணப்பம். (4) சொத்து உரிமை உறுதியானதும் 12 பெட்டிகளுக்கு எஸ்எஸ்டி, ராம். ஒரு பெட்டி உள்ளூர் சர்வர். (5) 7 பெட்டி கழிவு நீக்கம். (6) கோடையில் பேட்டரி சார்ஜ், பொறுப்பு ஒரு உறுப்பினர். (7) 6-ஆம் ஆண்டு முதல் தொடர் செலவு ஆண்டுக்கு 2.40 லட்சம், மாநில நிதியிலிருந்து.

பேரேடு
7-ஐ முதலில் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது உங்கள் குழுவின் கடமை. அந்தத் திட்டத்தின் ஆண்டுவாரி அட்டவணையில் இந்தத் தொகை வரட்டும். தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றி, கையெழுத்தான நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாநகராட்சிக் கல்வி அலுவலருக்கும் தனித்தனியாக அனுப்பி, பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள்.

மின்னோட்டம்
2-ல ஒரு திருத்தம். வாங்குறதுக்கு முன்னாடி யூபிஎஸ் பின்னாடி ஒட்டியிருக்குற தகட்டப் பாருங்க. அதுல 72 வோல்ட்னு இருந்தா 6 பேட்டரி, 96-னு இருந்தா 8. சார்ஜர் எத்தன ஆம்பியர்னும் பாருங்க; 26-க்குன்னு வந்த சின்ன சார்ஜர் 42-ஐ ராத்திரி முழுக்க போட்டாலும் நிரப்பாது. அப்படின்னா கொட்டேஷன்ல 26-ன்னே எழுதுங்க.

கொருக்குப்பேட்டை_எஸ்எம்சி
தகட்டில் 96 வோல்ட், சார்ஜர் 3 ஆம்பியர்.

மின்னோட்டம்
26 போதும். உற்பத்தித் தேதி மூணு மாசத்துக்குள்ள இருக்குற பேட்டரிதான் எடுப்போம்னு கொட்டேஷன்லயே போடுங்க.